திறந்தவெளிக் கல்வியும் ஒரு மின்விசிறியும்

நேர்முகத் தேர்வு வேப்பமரத்தடியில் நடந்தபோதே கிளாரா உஷாராகியிருக்க வேண்டும். பேராசிரியர் இராமச்சந்திரன் தமக்கு ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அவளுக்கு மரத்தின் வேரைக் காட்டினார். உட்காருவதற்கு. கூப்பிடு தூரத்தில் வெள்ளையடித்த பெரிய ஹால் ஒன்று, பெஞ்சுகளோடும் மின்விசிறியோடும் பூட்டிக் கிடந்தது.

“நம்ம நிலையத்துக்கு ஒரே ஒரு விதிதாம்மா” என்றார் பேராசிரியர். “நாலு சுவருக்குள்ள எதையும் சொல்லித் தரக் கூடாது. சுவர்ங்கறது மூளைக்குப் போடற பூட்டு.”

“சரிங்க சார்.” காலில் கட்டெறும்பு ஏறிக்கொண்டிருந்தது. முதல் நாளே உதறினால் இயற்கையை மதிக்காதவள் என்று நினைத்துவிடுவாரோ என்று பேசாமல் இருந்தாள். “அப்போ அந்த ஹால் எதுக்கு சார்?”

“மெட்ராஸ்லேர்ந்து வர்ற குடும்பங்க மழை வந்தா எங்கே ஒதுங்குவாங்க?”

மெட்ராஸ்காரர்கள் மழை பட்டால் கரைந்துவிடுவார்கள் என்பது கிளாராவுக்கு அதுவரை தெரியாது. ஆனால் ஆசிரியப் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்து, அந்தப் பெயர் அங்கே சுகமாகத் தூங்குவதை வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். சம்பளம் உண்டென்றால் சுவர் இல்லாமல் இருக்கலாம். கூரை இல்லாமலும் இருக்கலாம். வீடிருக்கும் சேரப்பணஞ்சேரியிலிருந்து நிலையமிருக்கும் வடக்குப்பட்டுக்கு சைக்கிளிலேயே வந்துவிடலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு, எறும்போடு சேர்த்து வேலையையும் ஏற்றுக்கொண்டாள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பேராசிரியர் வாழ்நாள் முழுவதும் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவர். நான்கு சுவருக்குள்தான். ஓய்வு பெற்ற பிறகு ஐரோப்பாவில் இருந்த மகன் வீட்டுக்குப் போனார். அங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிப்போய்ப் பாடம் சொல்லித்தருவதைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டதாம். நம் நாட்டுக் குழந்தைகளுக்கு வெளியில் நிற்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று. திரும்பி வந்த கையோடு, ஏரியோரமாக மலிவாகக் கிடைத்த நிலத்தை வாங்கி, சுற்றிலும் கம்பிவேலி போட்டு, ‘இயற்கையின் மடி: குழந்தைகளும் குடும்பங்களும் வெளியில் கற்கும் நிலையம்’ என்று பலகை மாட்டினார். வேலி வந்ததும், அதுவரை அந்த வழியாக ஏரிக்கு ஓடிக்கொண்டிருந்த ஊர்ப்பிள்ளைகள் சுற்றிக்கொண்டு போகவேண்டியதாயிற்று. ஆக நிலையம் திறப்பதற்கு முன்பே அதன் நன்மை அவர்களுக்குக் கிடைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் மெட்ராஸ் குடும்பங்கள் வந்து இறங்கும். பிள்ளைகள் தலையில் தொப்பி, தோளில் தண்ணீர் பாட்டில். நாகப்பன் என்கிற ஊர்க்காரரிடம் வாடகைக்கு எடுத்த பசு ஒன்று வேப்பமரத்தில் கட்டியிருக்கும். பிள்ளைகள் வரிசையாக நின்று அதைத் தொட்டுப் பார்ப்பார்கள். பசுவும் தொழில் கற்றது. யார் தொட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு அசைபோடும். “டாடி, மூச்சு விடுது!” என்று பிள்ளை கத்தும். அப்பா போட்டோ எடுப்பார். அம்மா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “என்ன சுத்தமான காத்து!” என்பாள். கிளாரா நடுவில் நின்று, “தொட்டது போதும் கண்ணா, அடுத்தவங்க வரட்டும்” என்பாள். இதற்குத்தான் அவள் பயிற்சி முடித்திருந்தாள்.

“ஞாயித்துக்கெயமை பூசையை வுட்டுட்டு மாட்டத் தொட்டுக் காட்டுற வேலையா?” என்று வீட்டில் அம்மா செல்வமேரி பிடித்துக்கொண்டாள். “சாமியாரு கேக்கறாரு. நான் இன்னான்னு சொல்றது?”

“ஆண்டவரோட படைப்பைப் பத்தி சொல்லிக் குடுக்கறான்னு சொல்லும்மா.”

செல்வமேரி அப்படியே சொல்லிவிட்டாள். சாமியார் மிகவும் சந்தோஷப்பட்டாராம்.

இப்படி வண்டி ஓடிக்கொண்டிருந்தபோது, நிலையத்துக்குப் பணம் தரும் வெளிநாட்டு அறக்கட்டளை ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. நகரத்துப் பிள்ளைகள் மட்டும் போதாது. சுற்றுவட்டார ஏழைக் குடும்பங்களும் பயனடைய வேண்டும். தங்கள் அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்ப்பார்.

“நியாயம்தானே” என்றார் பேராசிரியர். “பாவம், அவங்களுக்கும் இயற்கையை அறிமுகப்படுத்தி வைக்கணும். சனிக்கிழமை சனிக்கிழமை வரச் சொல்லு. நீ உள்ளூர்ப் பொண்ணு, உன் பேச்சைக் கேப்பாங்க.”

கிளாரா முதலில் போனது பசுக்கார நாகப்பன் வீட்டுக்கு. நாகப்பனின் மனைவி கிளியம்மாள் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். நடவு, களையெடுப்பு, அது இல்லாத நாளில் செங்கல் சூளை என்று வெயிலிலேயே வாழ்கிறவள். கிளாரா சொன்னதைக் கேட்டதும் கோடரியைக் கீழே வைத்துவிட்டாள்.

“இன்னாது? வெளியில கத்துக்கறதா? வெளிக்குப் போறதுக்குக்கூடவா ஸ்கூலு வச்சிக்கீறாரு உங்க சாரு? அதுக்கு நாங்க வெடிகாலயிலயே ஏரிக்கரைக்குப் பூட்டு வந்துடறோமே!”

பக்கத்து வீட்டுப் பெண்களெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கிளாராவுக்கும் சிரிப்பு வந்தது. சம்பளம் வாங்குகிறவள் என்பதால் அடக்கிக்கொண்டாள்.

“அது இல்லக்கா. மரம், செடி, மண்ணு, பூச்சி, இதையெல்லாம் பாத்துக் கத்துக்கறது.”

“அத்த தனியா வேற பாக்கணுமா? தெனம் அது மூஞ்சிலதான முயிச்சிக்கினு கீறோம்.”

“மத்தியானம் சாம்பார் சாதம், அப்பளம், வாழைப்பழம் குடுப்பாங்கக்கா.”

கிளியம்மாள் சிரிப்பை நிறுத்தினாள். “எந்நிக்கு வரணும்?”

முதல் சனிக்கிழமை பேராசிரியரே வகுப்பெடுத்தார். பெண்களும் பிள்ளைகளும், சாம்பார் சாதத்துக்கென்று வந்த நாகப்பனும் அரைவட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டி, “இது என்ன?” என்று கேட்டார்.

“ஆடு திங்கும் சார்” என்றாள் கிளியம்மாள்.

“பேரு என்னம்மா?”

“எதுக்கு சார் பேரு? நாங்க அத்த கூப்புடறது இல்ல.”

இன்னொரு செடியைக் காட்டினார். “இது?”

“இது திங்காது.”

உலகத்துத் தாவரங்கள் அனைத்தும் இரண்டே இனத்தில் அடங்கிவிட்டன. பேராசிரியர் கிளாராவின் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில், “பார்த்தியா, எவ்வளவு வேலை இருக்கு நமக்கு!” என்றார். அவர் குரலில் கவலையைவிடக் குதூகலமே தெரிந்தது.

அடுத்தது, செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணைப் பாதத்தால் உணர்வது. ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த பயிற்சி. “எல்லாரும் செருப்பைக் கழட்டுங்கோ” என்றார் பேராசிரியர். யாரும் அசையவில்லை. காரணம் எளிமையானது: யார் காலிலும் செருப்பு இல்லை. அரைவட்டம் முழுவதிலும் செருப்பு போட்டிருந்தவள் கிளாரா ஒருத்திதான். பாடம் தடைபடக் கூடாதே என்று அவள் கழற்றினாள். நாலாவது எட்டில் முள் ஏறியது. கிளியம்மாள்தான் அவள் காலைத் தன் மடியில் இழுத்து வைத்து ஊக்கால் எடுத்துவிட்டாள். “இன்னா டீச்சரு, நல்லா உணர்ந்தியா?” என்று கேட்டாள்.

கடைசியாக, கண்ணை மூடிக்கொண்டு இயற்கையின் ஒலிகளைக் கேட்பது. பேராசிரியர் மென்மையான குரலில், “மூடுங்கோ... காத்தைக் கேளுங்கோ... பறவையைக் கேளுங்கோ...” என்றார். விடியுமுன் எழுந்து, தண்ணீர் தூக்கி, சோறாக்கி, ஆடு அவிழ்த்துக் கட்டிவிட்டு வந்தவர்கள், ஒரு பெரிய மனிதரே கண்ணை மூடச் சொல்லும்போது வேண்டாமென்றா சொல்வார்கள்? சிறிது நேரத்தில் அரைவட்டம் முழுவதும் தூங்கிவிட்டது. பறவைச் சத்தத்தை மீறிக்கொண்டு நாகப்பனின் குறட்டை கேட்டது.

“என்ன ஒரு ஒன்றிப்போதல்! மெட்ராஸ் பசங்களால இப்படி முடியாது” என்று பேராசிரியர் மெய்மறந்தார். கிளாரா அதை மறுக்கவில்லை.

அடுத்த இரண்டு சனிக்கிழமைகள் பேராசிரியர் வரவில்லை. மெட்ராஸில் ஒரு கருத்தரங்கில் திறந்தவெளிக் கல்வியைப் பற்றிப் பேசப் போயிருந்தார். குளிர்சாதன அரங்கமாம். அந்த இரண்டாவது சனிக்கிழமைதான் மழை வந்தது. ஆவணி மாத மழை, சொல்லாமல் கொள்ளாமல் கொட்டியது. கிளாரா ஒரு நொடி விதியை நினைத்தாள். பிறகு இடுப்பில் குழந்தையோடு நனைந்துகொண்டு நின்ற பெண்களைப் பார்த்தாள். மழைக்கென்று நிலைமேல் வைத்திருந்த மாற்றுச் சாவியை எடுத்து ஹால் கதவைத் திறந்துவிட்டாள்.

உள்ளே வந்தவர்கள் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே சுற்றிப் பார்த்தார்கள். ஒரு பெண் பெஞ்சைத் தடவிப் பார்த்தாள். பிள்ளைகள் மின்விசிறிக்கு நேர் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு, அது சுற்றுவதை வாயைத் திறந்தபடி பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகள் பசுவைப் பார்ப்பார்களே, அதே பார்வை.

“இதுக்குள்ள குந்திக்கினு படிக்கறதுன்னா நான்கூட படிச்சிருப்பேன்” என்றாள் கிளியம்மாள். பிறகு சுவரைக் காட்டினாள். “அங்க பெருசா எய்திக்கீதே, அது இன்னா?”

ஹாலின் உட்சுவரில் பேராசிரியர் பெயின்ட்டால் எழுதிவைத்திருந்தார்: ‘நான்கு சுவருக்குள் கல்வி இல்லை.’

கிளாரா படித்துச் சொன்னாள். கிளியம்மாள் நான்கு சுவரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். “அப்ப இத்த எங்க குந்திக்கினு எய்தினாரு?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், “அதுல எம்பேருல வர்ற எயுத்து ஏதுனா கீதா டீச்சரு?” என்றாள்.

இருந்தது. ‘கி’க்கு முந்தின ‘க’வும் கடைசி ‘ள்’ளும் சொல்லிக்கொண்டு கிளாரா ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். கண்காட்சிக்கென்று வாங்கி மூலையில் சாத்தியிருந்த கரும்பலகையை இழுத்துப் போட்டு ‘கிளியம்மாள்’ என்று எழுதினாள். கிளியம்மாள் அதைத் தொடவில்லை. சற்றுத் தள்ளி நின்று, தன் வீட்டுக்குள் வந்துவிட்ட அயலாரைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தாள். “இம்மாம் நீளமா நானு?” என்றாள்.

அன்று கிளாராவுக்கு மூன்று மணிக்கு முடியவேண்டிய வகுப்பு இருட்டும்வரை நடந்தது. சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது சேற்றில் இரண்டு தடவை வழுக்கினாள். பாடிக்கொண்டே போனாள். இந்த வேலைக்கு வந்த பிறகு அவள் பாடியது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு யாரும் மரத்தடிக்குப் போகவில்லை. சனிக்கிழமை வந்ததும் நேரே ஹாலுக்குள் நுழைந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்கள். பாடப்புத்தகம் கிடையாது. எழுத்து என்று அங்கே இருந்தது சுவரில் இருந்த அந்த ஒரே வாக்கியம்தான். அதையே கூட்டிக் கூட்டிப் படித்தார்கள்.

பேராசிரியர் வரும் சனிக்கிழமைகளுக்கும் வழி செய்தாயிற்று. நாகப்பன் வேலியோரம் படப்பை சாலையைப் பார்த்தபடி பீடி பிடித்துக்கொண்டு உட்காருவார். உட்கார்ந்த இடத்திலேயே செய்யக்கூடிய வேலை என்பதால் மனைவி கேட்டதும் ஒப்புக்கொண்டார். பேராசிரியரின் பியட் கார் தலை காட்டியதும், இல்லாத மாட்டை ஓட்டுவதுபோல, “ஏய்... ஹை... அந்தாண்டப் போ!” என்று கத்துவார். அவ்வளவுதான், ஹால் காலியாகிவிடும். பெண்கள் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பிள்ளைகள் எறும்புப் புற்றைச் சுற்றிக் குப்புறப் படுத்திருப்பார்கள். வாத்தியார் வருகிறார் என்றால் மற்ற ஊர்களில் பிள்ளைகள் உள்ளே ஓடுவார்கள். இங்கே வெளியே ஓடினார்கள்.

“பிரமாதம்! பிரமாதம்!” என்பார் பேராசிரியர் காரை விட்டு இறங்கும்போதே.

அறக்கட்டளை அதிகாரி வருகிற நாளும் வந்தது. கிளாரா எல்லோருக்கும் ஒத்திகை கொடுத்திருந்தாள். யார் எந்த மரம், எந்தப் பிள்ளை எந்தப் புற்று என்பதுவரை. கார் வருவதற்கு நேரம் இருந்ததால், அதுவரை கொஞ்சம் படிக்கலாமே என்று எல்லோரும் ஹாலுக்குள் உட்கார்ந்தார்கள். நாகப்பன் இமை கொட்டாமல் படப்பை சாலையைக் காவல் காத்தார்.

அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. அதிகாரி யதுகிரி அம்மாள் பிறந்த ஊர் ஸ்ரீபெரும்புதூர் என்பதோ, “வந்ததும் வந்தோம், பெருமாளைச் சேவிச்சுட்டுப் போயிடலாமே” என்று அவர் சொல்லுவார் என்பதோ, அதனால் கார் வல்லக்கோட்டைப் பக்கமாகச் சுற்றி எதிர்த்திசையிலிருந்து வரும் என்பதோ நாகப்பனுக்கு எப்படித் தெரியும்?

கதவருகே நிழல் விழுந்தபோதுதான் கிளாரா திரும்பினாள். நெற்றியில் ஸ்ரீசூர்ணத்தோடு, கையில் தோல்பையோடு ஒரு அம்மாள். அவருக்குப் பின்னால் பேராசிரியர். அவர் முகம் சுவரின் நிறத்துக்கு மாறியிருந்தது. கிளாராவின் கையிலிருந்த சாக்குக்கட்டி கீழே விழுந்து உடைந்தது. வேலை போயிற்று என்று நினைத்தாள். இனி அப்பா சூசைராஜ் லாரிப் பட்டறையிலிருந்து வந்து உட்காரும்போது எந்த முகத்தோடு காபி கொடுப்பது என்று நினைத்தாள்.

“பேஷ். எல்லாரும் உள்ளே இருக்காளே?” என்றார் யதுகிரி அம்மாள். கிளியம்மாளைப் பார்த்து, “நீங்க இங்கே வந்து என்னம்மா கத்துண்டீங்க?” என்று கேட்டார்.

ஒத்திகையில் இந்தக் கேள்விக்கு மரம், மண், காற்று என்று பதில் இருந்தது. மரத்தடியில் நிற்கும்போது சொல்லவேண்டிய பதில் அது. ஹாலுக்குள் நின்றபடி அதைச் சொல்வது கிளியம்மாளுக்குப் பொருத்தமாகப் படவில்லை போலிருக்கிறது. எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுவரை நோக்கி விரலை நீட்டினாள்.

“நா...ன்...கு. நான்கு. சு...வ...ரு...க்...குள். சுவருக்குள். க...ல்...வி. கல்வி.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “இ...ல்...லை. இல்லை.”

படித்து முடித்த பெருமையில் பிள்ளைகள் கைதட்டினார்கள். பேராசிரியர் ஒரு பெஞ்சின் முனையைப் பிடித்துக்கொண்டார்.

“புரியலையே ப்ரொஃபசர்” என்றார் யதுகிரி அம்மாள். “வெளியிலேதானே சொல்லித் தர்றதா சொன்னேள்?”

அந்த ஒரு நிமிஷத்தில் பேராசிரியர் தம் படிப்பு அத்தனையையும் உபயோகித்தார். “அது வந்து மேடம்... இது முரண்வழிக் கற்றல்” என்றார். அந்தச் சொல் உலகத்தில் அப்போதுதான் பிறந்தது. “வெளியிலேயே இருக்கறவங்களுக்கு வெளியோட அருமை தெரியாது. கொஞ்ச நாள் உள்ளே உட்கார வச்சாத்தான் வெளியை நினைச்சு ஏங்குவாங்க. ஐரோப்பாலகூட இன்னும் யாரும் பண்ணலை. நானே யோசிச்சு, இந்தப் பொண்ணுகிட்ட செய்யச் சொன்னேன்.”

“ஓகோ!” யதுகிரி அம்மாள் அசந்துபோனார்.

கிளாராவுக்கு முதலில் உயிர் வந்தது. அடுத்து எரிச்சல் வந்தது. மழையில் கதவைத் திறந்தது யார், இருட்டுவரை நின்றது யார்! வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். சொன்னால் உண்மை மிஞ்சும், ஹால் மிஞ்சாது. பார்வை பேராசிரியர் கையில் தொங்கிய சாவிக்கொத்தின் மேல் போயிற்று. இந்த அம்மாள் கார் ஏறியதும் முரண்வழிக் கற்றல் முடிந்தது என்று பூட்டு விழும், நிலைமேல் இருக்கும் சாவியும் போய்விடும். இப்போது விட்டால் பிறகு வராது.

“சார் இன்னொண்ணும் சொன்னாருங்க மேடம்” என்றாள், கையைக் கட்டிக்கொண்டு பணிவாக. “வாரத்துக்கு ஒரு நாள் பத்தாதாம். தினம் சாயங்காலம் உள்ள உக்கார வச்சாத்தான் ஏக்கம் நல்லா வருமாம். அதனால ஹால் சாவியை என்கிட்டயே குடுத்துடறேன்னாரு. சிலேட்டு, புத்தகம்கூட வாங்கித் தர்றேன்னாரு.”

பேராசிரியர் அவளைப் பார்த்தார். தாவரவியலில் வகைப்படுத்தப்படாத ஏதோ ஒன்று மண்ணைக் கீறிக்கொண்டு முளைப்பதைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“அப்படியா ப்ரொஃபசர்?” என்றார் யதுகிரி அம்மாள்.

“ஆமாம்” என்றார் பேராசிரியர். வேறென்ன சொல்வார்? சாவி கைமாறியது. அறக்கட்டளைக்காரர்கள் முன்னால் கொடுத்த சாவி என்பதால் பிறகு திருப்பிக் கேட்கவும் வழியில்லாமல் போயிற்று.

இதனால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. முரண்வழிக் கற்றலைப் பற்றி பம்பாயில் பேசினார், பெங்களூரில் பேசினார். கூட்டத்தில் யாரோ நல்ல கேள்வி கேட்டதாகவும் தாம் அதற்குப் பிரமாதமாகப் பதில் சொன்னதாகவும் கிளாராவிடமே வந்து விவரித்தார். நாளாக ஆக அவர் அதை நம்பவும் தொடங்கிவிட்டார். அடுத்த வருஷம் அறக்கட்டளை இன்னொரு ஹால் கட்டிக்கொள்ளப் பணம் கொடுத்தது. அதற்கு இடம் வேண்டுமென்று நாலைந்து மரங்களை வெட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமைக் குடும்பங்களும் இதைக் கேள்விப்பட்டு, தங்களுக்கும் முரண்வழி வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தன. வெயில் ஏறியதும் தொப்பியைக் கழற்றிவிட்டு மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து வெளியை நினைத்து ஏங்கின. பசுவுக்கு வேலை குறைந்தது.

கிளாரா பூசைக்குப் போகத் தொடங்கினாள். பசுவைத் தொட்டுக் காட்ட ஞாயிற்றுக்கிழமை ஆள் வேண்டியிருக்கவில்லை, அவள் வகுப்பும் வாரநாள் சாயங்காலத்துக்கு மாறிவிட்டது. சாயங்கால வகுப்புக்கு எல்லோரும் எப்போதும் வந்தார்கள் என்று சொல்ல முடியாது. நடவு வந்தால் ஹால் காலி. சூளையில் வேலை இருந்தால் பாதிப் பேர். வந்தவர்களிலும் சிலர் காற்று வாங்க மட்டும் வந்தார்கள். அவர்களை அவள் விரட்டவில்லை.

கிளியம்மாள் விட்டு விட்டு வந்தாள். படித்ததை மறந்து, திட்டிக்கொண்டே மறுபடி படித்தாள். ஒரு நாள் கிளாரா பலகையில் ‘ழ’ எழுதினாள்.

“இது இன்னாது, கயித்த சுத்திப் போட்டாப்ல கீது?”

“ழ. மழை, வாழை, கிழமை எல்லாத்துலயும் வரும். சொல்லுங்கக்கா, ழ.”

“ய.”

“ழ.”

“அதான் சொன்னேனே, ய.” கிளியம்மாள் சிலேட்டை மடியில் கவிழ்த்து வைத்தாள். “இதோ பாரு டீச்சரு. நான் மயைன்னுதான் சொல்றேன், அதும்பாட்டுக்குப் பெய்யுது. வாயப்பயம்னுதான் கேக்கறேன், கடைக்காரன் குடுக்கறான். வாயில வராத எயுத்து கையில மட்டும் எப்பிடி வரும்?”

பயிற்சிப் பள்ளியில் கிளாராவுக்கு இதற்கு ஒரு விடை சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நாக்கை எங்கே மடிப்பது என்று படமெல்லாம் போட்டுக் காட்டியிருந்தார்கள். ஆனால் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றியதும் அவள் நாக்கும் மடியாது.

“சரிக்கா” என்றாள், பலகையைத் துடைத்துக்கொண்டே. “அத்த நாளைக்குப் பாத்துக்கலாம்.”